பிஎம்ஐ ‘நார்மல்’ என்றால் நிம்மதியாக இருந்துவிடலாமா?

ஜொகூர் பாரு அடுக்குமாடியானாலும் குளுவாங் தோட்டமானாலும், பள்ளியில் பிள்ளைகளின் உயரமும் எடையும் அளந்து பிஎம்ஐ கணக்கிடுகிறார்கள். ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் பெற்றோருக்கு நிம்மதி. ஆனால், அந்த அளவுகோல் நம் பிள்ளைகளுக்குச் சரியாகப் பொருந்துகிறதா?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலானோரில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இதற்குப் பயன்பட்டது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை. எல்லா இனத்தாருக்கும் அதே கோடுதான்.

பிஎம்ஐ உயரத்தையும் எடையையும் மட்டுமே பார்க்கிறது. எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சொல்லாது. பிரிட்டனில் பிள்ளைகளின் உடல் கொழுப்பை நேரடியாக அளந்து 2017இல் வெளியான ஆய்வு, தெற்காசியப் பிள்ளைகளின் கொழுப்பை பிஎம்ஐ குறைத்துக் காட்டுவதாகக் கண்டது. அதைச் சரிசெய்ய சுமார் 1.1 கூட்ட வேண்டும் என்றது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கோ பிழை நேர்மாறாக இருந்தது.

11 வயதுச் சிறுமி ஒருத்தியின் உயரம் 140 செ.மீ., எடை 38 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ 19.4. அதிக எடைக்கான கோடு 19.9 என்பதால் அவள் ‘நார்மல்’. 1.1 கூட்டினால் 20.5, கோட்டைத் தாண்டிவிடுகிறாள்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. ஆசியர்களுக்கு 23லேயே ஆபத்து கூடுகிறது என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவன நிபுணர்கள் கூறினர். மலேசிய மருத்துவ வழிகாட்டியும் பெரியவர்களுக்கு 23ஐயே அதிக எடையின் தொடக்கமாக வைத்துள்ளது. பிள்ளைகளின் அட்டவணையோ 19 வயதில் 25இல் போய் முடிகிறது. அதாவது, 24 உள்ள இளைஞன் ஓர் அட்டவணையில் ‘நார்மல்’, மற்றதில் ‘அதிக எடை’! இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இந்த இடைவெளியை 2015இலேயே தன் அட்டவணையில் சரிசெய்துவிட்டது.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. அதே 2019 ஆய்வில், நாட்டில் பெரியவர்களுக்கு நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே சுமார் 31 விழுக்காடு.

பிரிட்டனின் 1.1ஐ அப்படியே இங்கே ஒட்டவைக்கவும் முடியாது. மலாய், சீன, இந்தியப் பிள்ளைகளை இங்கேயே அளந்து, இனவாரியாகச் சரிபார்த்த அட்டவணை வேண்டும். சமூக அமைப்புகளும் நம் பிரதிநிதிகளும் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அதுவரை ஓர் அளவு நாடா போதும். மூச்சை வெளியே விட்டபின் இடுப்பெலும்புக்கும் கடைசி விலா எலும்புக்கும் நடுவே வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். அது உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும், 140 செ.மீ. பிள்ளைக்கு 70க்குள். கூடுதலாக இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். பட்டினி போடாதீர்கள், ‘குண்டு’ என்று பட்டப்பெயரும் வைக்காதீர்கள். தவறு அளவுகோலில் இருக்கும்போது, பிள்ளையை ஏன் குறைசொல்ல வேண்டும்?