அழுதால்தான் நடிப்பா?

போன வாரம் கேண்டீனில் நடந்த சண்டையை நேரில் பார்த்தவர்கள் முதல் பாராவைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்காக: தமிழில் தலைசிறந்த நடிகர் யார் என்று வழக்கமான வெட்டிப் பேச்சு. சிவாஜி, ரங்காராவ், எம்.ஆர்.ராதா, பாலையா என்று ஆளாளுக்கு அடுக்கிக்கொண்டே போனார்கள். நான் நாகேஷ் என்றேன். உடனே நண்பன் ஒருத்தன் (பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்) டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "மச்சி, நாம இப்ப நடிகர்களைப் பத்திப் பேசிட்டிருக்கோம். காமெடியனுக்கு வேணா தனியா ஒரு லிஸ்ட் போட்டுக்கலாம்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதுதான் எனக்குக் கோபம். பட்டியலில் வில்லனுக்கு இடம் உண்டு, அப்பா வேஷக்காரருக்கு இடம் உண்டு, சிரிக்க வைத்தவனுக்கு மட்டும் வாசலில் தனிப் பந்தி. அன்றைக்கு அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை 29சி-யில் நின்றுகொண்டே வந்தேன், வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டே வந்தேன். அங்கே சொல்ல வராததெல்லாம் இங்கே.

1994-ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் நாகேஷ் நடித்து இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் கமல் சம்பந்தம் உண்டு, இரண்டிலும் ஒரு பிணம் உண்டு. ஒன்று சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மகளிர் மட்டும்'. அதில் நாகேஷ்தான் பிணம். வசனம் ஒன்றுகூடக் கிடையாது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் ஆள் மாறிப்போய் அந்த உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். இழுத்த இழுப்புக்கு அது வருகிறது, சாய்கிறது, சரிகிறது. செத்த உடம்பு எப்படிச் சாயும் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த நொடியில் சாய்ந்தால் தியேட்டர் வெடிக்கும் என்றும் தெரிய வேண்டும். அதையும் தான் அசையவில்லை என்று நம்மை நம்ப வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். வீட்டில் ஒரு நாள் செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன், அரை நிமிடத்தில் அம்மா "கழுத்து சுளுக்கா?" என்றார்.

இன்னொன்று கே.எஸ்.சேதுமாதவன் இயக்கிய 'நம்மவர்'. அதில் அவர் பேராசிரியர். மகளைப் பறிகொடுத்த அப்பா. அந்தச் சாவு வீட்டுக் காட்சியில் சிரிப்பு எங்கே முடிகிறது, அழுகை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. நான் பார்த்த தமிழ்ப் படக் காட்சிகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று, சந்தேகமே இல்லை.

தேசிய விருது எதற்கு வந்தது? சிறந்த துணை நடிகர் விருது, 'நம்மவர்' படத்துக்கு. அதற்குள் அவர் சினிமாவுக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது (முதல் படம் 'தாமரைக்குளம்', 1959). இடையில் செல்லப்பா வந்து போயிருந்தார், தருமி வந்து போயிருந்தார், வைத்தி வந்து போயிருந்தார். பிணமாகக் கிடந்து ஊரைச் சிரிக்க வைத்தால் 'காமெடி'. பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதால் 'நடிப்பு'. இதுதான் கணக்கு.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. ராபின் வில்லியம்ஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது 'குட் வில் ஹண்டிங்'. சிரிக்க வைத்த படம் எதற்கும் இல்லை. பக்கத்து வீட்டு மலையாளத்தில் சலீம் குமார், சுராஜ் வெஞ்ஞாறமூடு இரண்டு பேருமே ஊரறிந்த காமெடியன்கள். சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவர்களுக்கும் கிடைத்தது, ஆனால் சீரியஸ் வேஷம் போட்ட பிறகுதான். தமிழக அரசு விருதுகளில் 'சிறந்த நகைச்சுவை நடிகர்' என்று தனியாக ஒரு விருதே உண்டு. மரியாதை மாதிரித்தான் தெரியும். ஆனால் 'சிறந்த அழுகை நடிகர்' என்று தனி விருது ஏன் இல்லை? ஏனென்றால் அது அங்கே மெயின் விருது :-)

ஒவ்வொரு ஜனவரி 31-ம் அவருடைய நினைவு நாளன்று பத்ம விருது புலம்பல் ஒன்று சுற்றும். நாகேஷுக்குக் கடைசிவரை பத்மஸ்ரீகூடக் கிடைக்கவில்லை, உண்மைதான். இத்தனைக்கும் சிவாஜிக்கு 1966-ல் பத்மஸ்ரீ, நாகேஷை வைத்து நாடகம் போட்ட பாலசந்தருக்கு 1987-ல், கமலுக்கு 1990-ல். 2009 ஜனவரிப் பட்டியலில் விவேக் பெயர் இருந்தது, பட்டியல் வந்து ஒரு வாரம் ஆவதற்குள் நாகேஷ் போய்விட்டார். (விவேக் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனோரமாவுக்கு 2002-ல் கொடுத்ததும் சரிதான். ஆகவே காமெடியன் என்றாலே கொடுக்க மாட்டார்கள் என்று டெல்லியைத் திட்டவும் முடியாது.) இந்தப் புலம்பலில் எனக்கு அலுப்பு. டெல்லியைத் திட்டுவது சுலபம், நம் கேண்டீனில் நாமே போட்ட தனி லிஸ்ட்டைக் கிழிப்பதுதான் கஷ்டம்.

யூட்யூபில் 'நாகேஷ் காமெடி' என்று தேடுங்கள். பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகக் கிடைக்கும். நம்மில் பலருக்குத் தெரிந்த நாகேஷ் இந்தத் துண்டுகள்தான். 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியைத் துண்டாகப் பார்த்தால் குடுமியும் குழைவுமாக ஒரு தமாஷ் ஆள். முழுப் படத்தையும் பாருங்கள். அந்த ஆள் ஒரு தரகன். பணக்கார வீடுகளுக்கு மோகனாவைத் தள்ளிவிட அலைகிறவன். பொய், கோள், மிரட்டல் எல்லாம் உண்டு. அவன் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ கெடுதல் வருகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அதே சமயம் அவன்மேல் உள்ள அருவருப்பும் குறையவில்லை. கத்திக் கண்ணை உருட்டி வில்லத்தனம் செய்வதைவிட இது எத்தனை மடங்கு கஷ்டம் என்று யோசிக்க வேண்டாமா? (சிரிப்பே இல்லாத வில்லன்தான் வேண்டும் என்றால் அதுவும் ஸ்டாக்கில் உண்டு. 1989 'அபூர்வ சகோதரர்கள்', நான்கு வில்லன்களில் ஒருவர்.)

தருமியும் அப்படித்தான். 'திருவிளையாடல்' 1965-ல் வந்தது. அந்தக் காட்சிகளை நாகேஷ் ஒன்றரை நாளில் முடித்துக் கொடுத்தார் என்றும், தன்னையே தூக்கிச் சாப்பிட்ட அந்தக் காட்சியை வெட்டக் கூடாது என்று சொன்னது சிவாஜிதான் என்றும் சொல்வார்கள். நாம் ரசிப்பது அந்தப் புலம்பலின் வேகத்தை. எனக்கு இப்போது அதில் தெரிவது பசி. ஆயிரம் பொன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த ஒடிசலான உடம்பு முழுக்க ஒரு துடிப்பு வருகிறதே, அது பல நாள் சரியாகச் சாப்பிடாதவனின் துடிப்பு. அம்மைத் தழும்பு முகம், ஒல்லி உடம்பு. ஹீரோவுக்கு வேண்டியது என்று சினிமா நினைத்த எதுவும் அந்த ஆளிடம் இல்லை. இருந்த உடம்பையே வாத்தியமாக வைத்துக்கொண்டார்.

அந்த வாத்தியம் சுருதி சேர்ந்த இடம் ஸ்டூடியோ இல்லை, நம்ம ஊர் நாடக மேடை. ரயில்வேயில் குமாஸ்தா, சாயங்காலமானால் நாடகம். வயிற்றுவலிக்காரனாக ஒரு சின்ன வேஷத்தில் வந்து, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆரிடம் பாராட்டு வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். தி.நகர் கிளப் ஹவுஸில் கவிஞர் வாலியோடும் நடிகர் ஸ்ரீகாந்த்தோடும் இருந்த காலம் பற்றியும் நிறையப் படித்திருப்பீர்கள். அந்தப் பக்கம் ஏஜி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற குழுவை வைத்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தார் கே.பாலசந்தர். இரண்டு குமாஸ்தா உலகங்களும் மேடையில் சந்தித்தன. ஆபீஸ் முடிந்து ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை சபா. எதிரே உட்கார்ந்திருப்பவன் சிரித்து ஓயும்வரை அடுத்த வரியைப் பிடித்து வைத்திருக்கும் கலையை அங்கேதான் கற்க முடியும், கேமராவுக்குச் சிரிக்கத் தெரியாது.

பாலசந்தர் அவருக்கு எழுதியது என்ன என்று பாருங்கள். 'சர்வர் சுந்தரம்' நாடகமாக ஓடி, 1964-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் ஏவிஎம் படமாக வந்தது. ஹோட்டல் சர்வர் ஒருவன் சினிமா நடிகனாகிறான், ஊரையே சிரிக்க வைக்கிறான், காதலும் கைகூடாமல் தாயையும் இழந்து, கடைசியில் பழையபடி சர்வராக வந்து நிற்கிறான். 'நீர்க்குமிழி' (1965), பாலசந்தர் இயக்கிய முதல் படம். ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் கதை. வார்டு முழுக்கக் கலாட்டா செய்துகொண்டு திரியும் சேது என்ற நோயாளி, சாகப் போகிறவன். 'மேஜர் சந்திரகாந்த்' (1966) படத்தில் தங்கையைப் பறிகொடுத்துக் கொலைகாரனாகும் தையல்காரன். (அந்தப் படத்தில் ஏவிஎம் ராஜன் பாத்திரத்தின் பெயர்தான் பிற்பாடு சிவாஜி ராவுக்கு வைக்கப்பட்டது. நாகேஷ் கொல்வது அந்த ரஜினிகாந்த்தைத்தான், சூப்பர் ஸ்டார் ரசிகர்கள் மன்னிக்கவும்.) 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் ஒண்டுக்குடித்தன வீட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடந்து, ஒவ்வொரு போர்ஷனுக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் சோற்றில் வயிறு கழுவிக்கொண்டு படிக்கும் மாது. ஸ்டோர் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு மாது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்துப் படிக்கும் நம் ஆட்களுக்கும்தான்.

நாலு கதாநாயகர்கள். நாலு பேருக்கும் வாயெல்லாம் வேடிக்கை, வாழ்க்கையெல்லாம் அடி. இதில் எது காமெடி, எது நடிப்பு? என் நண்பன் கோடு போட்டுக் காட்டட்டும்.

ஒரு சின்ன வயிற்றெரிச்சல். 'சர்வர் சுந்தரம்' படம் வந்த அதே 1964-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பர்ட்டன் 'ஹேம்லெட்' நாடகம் போட்டார். வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, மேடையில் பெயர் வாங்கி, பிறகு சினிமாவுக்குப் போனவர். அவருக்கும் விருது ராசி இல்லை, ஏழு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரை, ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மேடை ஹேம்லெட்டைக் கேமரா வைத்து அப்படியே பிடித்து, தியேட்டர்களில் திரையிட்டார்கள். காட்டிய பிறகு பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். அப்படியும் அவர் வீட்டில் ஒரு பிரதி தப்பிக் கிடந்து, பல வருடம் கழித்து வெளியே வந்தது. இன்றைக்கும் பார்க்கலாம். நமக்கோ மேடை சுந்தரத்தைப் பார்க்க வழியில்லை, சினிமா சுந்தரம் மட்டும்தான். ஹேம்லெட் என்றால் பாதுகாக்க வேண்டிய கலை, சர்வர் என்றால் சபாவில் ஒரு சாயங்காலப் பொழுதுபோக்கு. பாண்டி பஜார் பக்கம் அவர் பெயரில் இருந்த நாகேஷ் தியேட்டரும் இப்போது இல்லை.

எதிர்த்தரப்பு வாதங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் கும்முவீர்கள். ஒன்று, நாகேஷ் ஏராளமான மொக்கைப் படங்களில் நடித்தார். ஆமாம், நடித்தார். ஒரே நாளில் பல செட்டுக்கு ஓடியவர், எல்லாமே தேறாது. சிவாஜி படங்களில் எத்தனை தேறும் என்று பதிலுக்கு நான் கேட்டால் சண்டை வேறு பக்கம் போய்விடும். இரண்டு, சிறந்த நடிகருக்கான தேசிய விருது சிவாஜிக்கே கிடைத்ததில்லை, நாகேஷுக்காக எதற்கு அழுகிறாய்? நியாயம்தான். ஆனால் விருது கிடைக்காததால் சிவாஜியை யாரும் நடிகர் லிஸ்ட்டிலிருந்து எடுக்கவில்லையே. மூன்றாவதாக ஒருத்தி சொன்னதுதான் யோசிக்க வைத்தது: "நாகேஷ் நல்ல நடிகர்னு நிரூபிக்க நீயும் நீர்க்குமிழி, எதிர்நீச்சல்னு சோகத்தைத்தானே காட்டற?" நெத்தியடி. உண்மையாகவே பதில் வரவில்லை.

அதனால் மாற்றிக்கொள்கிறேன். சோகமே இல்லாத ஒன்றைச் சாட்சிக்கு வைக்கிறேன். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. ஓஹோ புரொடக்ஷன்ஸ் முதலாளி செல்லப்பா, அப்பா பாலையாவுக்குப் பேய்ப் படக் கதை சொல்லும் காட்சி. பசி இல்லை, சாவு இல்லை, தாய்ப் பாசம் இல்லை. ஒரு வேலையில்லாப் பணக்காரப் பையன், ஒரு பயந்த அப்பா, ஒரு அறை. கையும் குரலும் மட்டும் வைத்து நாகேஷ் அங்கே இல்லாத இருட்டையும் கதவையும் காலடிச் சத்தத்தையும் கொண்டுவருகிறார். பாலையா முகத்தில் பயம் ஏற ஏற, இவர் வேகத்தைக் கூட்டுகிறார், சட்டென்று நிறுத்துகிறார், மறுபடி கூட்டுகிறார். அறுபது வருடம் தாண்டியும் கதை சொல்வதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. பாலையாவை நடிகர் லிஸ்ட்டில் சேர்த்தாயே, அதே காட்சியில் எதிரே நிற்கிறவரை எந்தக் கணக்கில் வெளியே தள்ளினாய்?

பி.கு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் ரூமில் இந்தக் காட்சியும், அதன் பிறகு 'நீர்க்குமிழி' முழுப் படமும். லேப்டாப் என்னுடையது. பஜ்ஜி, தனி லிஸ்ட் போட்டவன் செலவு.