கேரவன் ஏறுமா திம்பம்?

ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டும் என்று இருந்த கேரவன் இப்போது வாடகைக்கும் கிடைக்கிறது. உள்ளே படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. கழிவறையும் உண்டு. லாட்ஜ் தேடி அலைய வேண்டாம், ஓட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு குடும்பம் சேர்ந்து பங்கு போட்டால் வாடகையும் கட்டுப்படியாகலாம். கோவையில் கடை வைத்திருப்பவருக்கும் ஆபீசுக்குப் போய் வருகிறவருக்கும் இந்த ஆசை வந்தால் அதில் தப்பில்லை. ஆசை யாரை விட்டது!

ஆனால் "எந்தப் பக்கம் போகலாம்?" என்ற பேச்சு வரும்போது, "அன்னூர், புளியம்பட்டி, சத்தி... அப்படியே திம்பம் ஏறி மைசூர்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்களே, அங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

27 வளைவுகள்

பண்ணாரி அம்மன் கோவிலைத் தாண்டியதும் மலை ஏற்றம். உச்சியில் திம்பம் போய்ச் சேர்வதற்குள் 27 கொண்டை ஊசி வளைவுகள். கோவையையும் பெங்களூரையும் சாம்ராஜ்நகர் வழியாக இணைக்கும் 948-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இதுதான். நெடுஞ்சாலை என்றதும் நாலுவழிச் சாலை என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய லாரி ஒன்று வளைவில் திரும்பினால் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். எதிரே வருகிறவர் நின்றுதான் ஆக வேண்டும்.

"ஏனுங்க, இத்தனை பெரிய வண்டி ஏறுமுங்களா?" என்று அந்த வழியில் பழகிய லாரி டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். "ஏறுமுங்க. எறங்கறதுதானுங்க ரோசனை" என்பார். விஷயம் அதிலேயே அடங்கிவிட்டது.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பால பாடம். கேரவனோ சாதாரண வேன் அல்ல. உயரம் அதிகம். தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர், பிரிட்ஜ், கட்டில் என்று சுமையும் அதிகம். முன்பக்கம் வளைவில் திரும்பும்போது, பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால் பகுதி எதிர்ப்புறம் வெளியே வீசும். அங்கே தடுப்புச் சுவரும் இருக்கலாம், இன்னொரு வண்டியும் இருக்கலாம். குறுகிய மலைப் பாதையில், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்று விதியும் இருக்கிறது. மலையே ஏறியிராத நகரத்து டிரைவர் வளைவில் வைத்து ரிவர்ஸ் எடுப்பாரா?

"அரசு பஸ் தினமும் போகவில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போகிறது. தாளவாடிக்கும் மைசூருக்கும் அந்த வழியாகத்தான் பஸ். ஆனால் அந்த டிரைவருக்கு எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எந்த இடத்தில் ஒதுங்க வேண்டும் என்பது அத்துப்படி. தவிர, பஸ் காட்டுக்குள் நிறுத்திச் சோறு வடிப்பதில்லை!

யானை நடக்கும் பாதை

இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013-ல் அறிவிக்கப்பட்டது. ஆசனூரைத் தாண்டி காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் யானைகள் கரும்பு லாரியை மறித்துக் கட்டை உருவித் தின்பது ஊரறிந்த சங்கதி. கரும்புக்கே லாரியை நிறுத்துகிற யானை, பழமும் குழம்பும் மணக்கிற வண்டியைச் சும்மா விடுமா?

காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை. வண்டி மோதி வன விலங்குகள் சாவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நிறுத்திய இடத்தில் தூங்கலாம் என்பதற்காகத்தானே கேரவன்? பண்ணாரியில் இருந்து காடு முடியும்வரை அந்த இரண்டுமே கிடையாது. பிறகு எதற்கு அத்தனை வாடகை?

யாருடைய ரோடு?

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. உல்லாசத்துக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் ரோடு. தாளவாடி மலைக்காரருக்கு அது தினசரி வாழ்க்கை. அவர்கள் விளைவித்த காய்கறி சத்திக்கு இறங்குவது அந்த வழி. நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதும் அந்த வழி. வளைவில் ஒரு வண்டி சிக்கினால் மேலேயும் கீழேயும் எல்லாம் நின்றுவிடும். இரவுத் தடை வந்தபோது பிழைப்பு போகிறதே என்று மலைவாசிகள் போராடினார்கள். இரவை ஏற்கெனவே காட்டுக்கு விட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். மிச்சம் இருக்கிற பகலையும் ஒரு பிக்னிக் வண்டி அடைத்துக்கொண்டால் என்ன செய்வார்கள்?

ஆகவே, திம்பம் மலைக்குப் பெரிய கேரவன் ஏற்றதல்ல. வேன் அளவுள்ள சின்ன வண்டி, மலையில் பழகிய டிரைவர், காலையில் புறப்பாடு, வழியில் நிறுத்துவதில்லை என்றால் போகலாம். பெரிய வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்குச் சமவெளியிலேயே இடம் இருக்கிறது. கொடிவேரி இருக்கிறது, பவானிசாகர் இருக்கிறது. வண்டியைச் சத்தியில் பத்திரமாக நிறுத்திவிட்டு, தாளவாடி பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலை பார்த்துவிட்டு வரலாம். காசும் மிச்சம், கவலையும் இல்லை.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. சாவியைக் கொடுக்கும் முன் எந்த வழி என்று கேட்க வேண்டும். மலை பழகாத டிரைவரை அனுப்பவே கூடாது. அதிகாரிகளும் ஒன்று செய்யலாம். எவ்வளவு நீள வண்டி ஏறலாம், எந்த நேரத்தில் ஏறலாம் என்பதைச் சத்தி ஊருக்குள்ளேயே பெரிய எழுத்தில் போர்டு வைக்கலாம். திருப்பி அனுப்ப வேண்டிய வண்டியைப் பண்ணாரியிலேயே திருப்பிவிட வேண்டும். ஆறாவது வளைவில் போய்ச் சிக்கிய பிறகு திருப்ப இடம் ஏது?

கேரவன் பிடிக்கும்போது எத்தனை படுக்கை என்று மறக்காமல் கேட்கிறோம். போகிற ரோட்டில் எத்தனை வளைவு என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.