தாலி தண்டனைக் கயிறா?

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் மாலை வேளையில் பேசிக்கொண்டு நடக்கும் இளம் ஜோடிகளைத் தாலிக் கயிற்றோடு யாராவது வழிமறித்தால் எப்படியிருக்கும்? கற்பனையல்ல. 2009-ல் காதலர் தினத்தன்று வெளியில் சுற்றும் ஜோடிகளுக்குத் தங்கள் தொண்டர்கள் புரோகிதருடன் போய்த் திருமணம் செய்துவைப்பார்கள் என்று அறிவித்தார் ஸ்ரீராம சேனைத் தலைவர் பிரமோத் முத்தாலிக். கலாசாரத்தைக் காக்கவாம்!

பெரியோர் வாழ்த்த, மணமக்கள் மனமொப்பி நடப்பதே திருமணம். மிரட்டிக் கட்டினால் தாலியும் வெறும் கயிறுதான். பலவந்தத்தால் பெற்ற சம்மதம் என்றால் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்ய 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே வழி செய்திருக்கிறது.

மரபுத் திருமணத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் 1961-லேயே சட்டம் தடைசெய்த வரதட்சணை இன்னும் ஒழியவில்லையே! அதைக் கேட்கும் வீட்டு வாசலில் போய் நிற்கட்டும் தொண்டர்கள். மகளைக் கரையேற்றக் கடன்படும் தொழிலாளி கைகூப்பி வரவேற்பான்.