வாக்கு யாருடையது?

சிறு நிறுவனமொன்று தன் செர்வருக்கு இயங்குதளம் தேடுகையில் விலையையும் வேகத்தையுமே விசாரிக்கிறது. நாங்கள் முதலில் கேட்பது வேறு: இத்தனை ஆண்டுகள் பராமரிப்போம் என்ற வாக்கை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தது 2019 செப்டம்பரில். 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று நம்பியே பலரும் அதை நிறுவினார்கள். 2020 டிசம்பரில் ரெட் ஹாட் நிறுவனம் அதன் ஆயுளை 2021 இறுதியோடு முடித்துவிடுவதாக அறிவித்தது. (முந்தைய 7ஆம் பதிப்போ 2024 ஜூன் வரை வாழ்ந்தது, தம்பிக்குமுன் அண்ணன் போகவில்லை.) இலவசமாய்க் கொடுத்ததை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் மென்பொருள்தான் இலவசம். அதன்மேல் எழுப்பிய கணக்குகளையும் மின்னஞ்சலையும் இடம்பெயர்க்கும் உழைப்பு இலவசமன்று. ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் 2021இலேயே வந்து பலரைக் கரையேற்றின என்பது வேறு கதை.

ஆகவே எங்கள் சாய்வு டெபியன் பக்கம். 1993இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் நடத்துவது. பதிப்பொன்றுக்கு மூன்றாண்டுப் பராமரிப்பு, அதன்பின் இரண்டாண்டு நீட்டிப்பு. பத்தாண்டு வாக்கல்ல, ஐந்தே ஆண்டு. ஆயினும் அதற்கு ஒரே முதலாளி இல்லை. ஆரக்கிள், எஸ்ஏபி போன்றவற்றை ஓட்டுவோர் மட்டும் விற்பவர் சான்றளித்த இயங்குதளத்தைத்தான் நாடவேண்டும். அவர்களுக்கு எங்கள் யோசனை உதவாது.