வலவரும் வழித்துணையே

இலங்கைக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர் பலர் ஓட்டுநருடன் வாகனம் அமர்த்திக்கொள்கின்றனர். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 115 கிலோமீட்டர்; அப்பால், 1,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நுவரெலியாவுக்கு வளைந்தேறும் மலைப்பாதை. நம் குடும்பத்தின் உயிர் அவ்வலவரின் விழிப்பில் இருக்கிறது. ஆயினும் வாடகையைக் குறைக்க வாதாடும் நாம், அவர் எங்கே உறங்குவார், எப்போது உண்பார் என வினவுவதில்லை. நாள்வாடகை, தூர வரம்பு, எரிபொருள், அவரது உணவு, தங்குமிடம் ஆகியவற்றைப் புறப்படுமுன்பே எழுதி முடிவுசெய்தல் வேண்டும். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் திருக்குர்ஆனின் (2:282) நெறி இதற்கும் பொருந்துவதன்றோ? பேசிய கூலியைத் தாமதியாது கொடுப்பது நபிவழி. போதிய உறக்கம் தராமல் மலையேறச் சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி; நமக்கும் ஆபத்து. வலவரின் ஓய்வுக்கும் பயணத்திட்டத்தில் இடம் ஒதுக்குவோமாக!