தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்?

பல மணி நேரம் ஓடும் செய்தி விழியங்களைக் கணிப்பொறியே பார்த்து, தான் இன்றியமையாதனவாகக் கருதும் துண்டுகளை மட்டும் பொறுக்கிக் கோத்துச் சில நொடிகளில் தந்துவிடும் காலம் இது. நேரம் மிஞ்சுகின்றது என மகிழ்வோர், உண்மை மிஞ்சுகின்றதா என்றும் கேட்டல் வேண்டும்.

காட்சி மாறும் இடங்களில் பொறி விழியத்தை வெட்டுகின்றது. துண்டுதோறும் அசைவு, முகம், ஒலி, சொல் ஆகியவற்றை அளந்து மதிப்பெண் இடுகின்றது. மிகுமதிப்புப் பெற்றவற்றைக் குறித்த நீளத்துள் அடைக்கின்றது. எது மிகுமதிப்பு என்று அதற்குக் கற்பிப்போர் மாந்தரே! ஆய்வாளர்கள் அளவுகோலாகக் கொண்ட தொகுதிகளுள் ஒன்று 2015இல் வெளிவந்தது. அதில் உள்ளவை 50 விழியங்கள். நாய்க்காட்சி, தேனீ வளர்ப்பு, ஊர்தியின் உருளை மாற்றல் என்றவாறு 10 தலைப்புகள். மண்ணிழப்போர் முறையீடு என்றொரு தலைப்பு அங்கில்லை.

சேலத்து மண்ணை எண்ணிப் பாருங்கள். 2018இல் (திருவள்ளுவர் ஆண்டு 2049) சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கென விளைநிலங்களில் அளவைக்கல் நட்டபொழுது, பூலாவரி முதலான ஊர்களின் உழவர் எதிர்த்து நின்றனர். அத்தகைய போராட்ட விழியத்தைப் பொறியிடம் கொடுத்தால் எதைப் பொறுக்கும்? கூச்சலையும் தள்ளுமுள்ளையும் பொறுக்கும். கிணறும் தென்னையும் காட்டி, நிலம் தர ஏன் மறுக்கின்றோம் என ஓர் உழத்தி அமைதியாகச் சொன்ன சொல், அசைவற்றதென ஒதுக்கப்படும். கலகம் எஞ்சும், காரணம் மறையும்.

2019 ஏப்பிரல் 8இல் சென்னை உயர் அறமன்றம் அந்நிலமெடுப்பை நீக்கியது. 2020 திசம்பர் 8இல் உச்ச அறமன்றம் திட்டம் தொடரலாம் என்றது. முன்னதை மட்டும் காட்டினும் பின்னதை மட்டும் காட்டினும், மெய்யே பொய்யாகிவிடும்.

தொகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை வென்று கொண்ட இரும்பொறை மரபினன் அவன். பொறுக்கியவர் பெயரையும், பொறுக்கச் செய்தவன் பெயரையும் மறையாது பொறித்த இனம் இது!

அந்நெறியே இன்றும் வேண்டும். பொறி சுருக்கிய ஒவ்வொரு செய்தியும் தொகுத்த பொறியின் பெயரையும், தொகுப்பித்த நிறுவனத்தின் பெயரையும், பொறுக்கிய அளவுகோலையும் தாங்கி வருதல் வேண்டும். முழு விழியமும் அருகிலேயே இருத்தல் வேண்டும். சேலம், நாமக்கல் உழவரின் பேச்சு வழக்கைத் தமிழறிந்தோர் அப்பொறிக்குக் கற்பித்தல் வேண்டும்.

பிறர் வெட்டித் தரும் துண்டே நம் வரலாறாகிவிடுதல் கூடாது. தமிழர்களே, அளவுகோலை நம் கையில் எடுப்போம்!