பியானோ வாங்கும் முன்...

செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கும் தங்கை ஒருத்தி போன் செய்தாள். “அக்கா, ஆறு வயசு மக பியானோ படிக்கணும்கிறா. ராஜபாளையத்துல வகுப்பு இருக்காம். சீட்டுப் பணம் வந்திருக்கு, பியானோ வாங்கிடட்டுமா?”

அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் வகுப்பு, பிறகுதான் வாத்தியம். ஒரு மாதம் போகட்டும். வீட்டுக்கு வந்தும் மேஜையில் விரல் தட்டுகிறாளா என்று பாருங்கள். ஆசை நிலைத்தால் 61 கீ உள்ள கீபோர்டு போதும். மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, அழுத்தினால் பலத்த ஒலி வருகிறதா என்று கடையிலேயே வாசித்துப் பாருங்கள். இது இல்லாததில் பழகிய விரல் பியானோவில் திணறும். குட்டிக் கீ வைத்த பொம்மை கீபோர்டு வேண்டாம். 88 கீ டிஜிட்டல் பியானோவை, இரண்டு கையும் பழகிய பிறகு யோசிக்கலாம்.

முதல் வாத்தியமே கடைசி வாத்தியம் ஆக வேண்டியதில்லை. 2019-ல் அமெரிக்க டி.வி. போட்டியில் பியானோ வாசித்து 10 லட்சம் டாலர் வென்ற சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், முதலில் பழகியது டிரம்ஸ்!

“தையல் பழக வர்றவளுக்கு முதல் நாளே நல்ல துணியைக் கொடுப்பியா?” என்றேன். “துண்டுத் துணிதான்க்கா” என்று சிரித்தாள். சீட்டுப் பணம் இப்போது அஞ்சலகத்தில் இருக்கிறது. மகள் வகுப்புக்குப் போகிறாள்.